பாலத்தின் உயரம் தெரியும், உங்கள் வண்டியின் உயரம் தெரியுமா?

லண்டனுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்களின் மொத்த வியாபார நிலையம் ஒன்றுக்கு லொறி ஓட்டினேன். அரிசி மூட்டை, தேங்காய்ப்பால் ரின், உறைந்த மீன் என்று தமிழ்க் கடைகளுக்கு இறக்குவதுதான் வேலை. ஒருநாள் வழமையாக நான் ஓடும் லொறி கராஜில் நின்றது. பதிலுக்கு வாடகை லொறி ஒன்று வந்தது. "அதே சைஸ்தான், கொண்டுபோம்" என்றார் மேலாளர்.

அதே சைஸ் இல்லை. வழியில் ஒரு ரயில் பாலம். பலகையில் 10 அடி 9 அங்குலம் என்று இருக்கும். நூறு தடவையாவது அதன் கீழால் போயிருப்பேன். அன்றும் பலகையைப் பார்த்துக்கொண்டே போனேன். வாடகை லொறியின் உயரம் 11 அடி 2 அங்குலம். அதை எழுதிய ஸ்டிக்கர் வெயில் மறைப்புக்குப் பின்னால் இருந்தது. பிறகுதான் கண்டேன்.

பெட்டியின் கூரை தகர டின் மாதிரிப் பிய்ந்து நின்றது. கடவுளே என்று ஒருவருக்கும் காயமில்லை. கை நடுங்க முதலில் மேலாளருக்குத்தான் போன் எடுத்தேன்.

"ஆரும் பாத்தவையே? இல்லையெண்டா பின்னுக்கு எடுத்துக்கொண்டு வாரும். பொலிசுக்குச் சொல்லி வில்லங்கப்படாதேயும். உம்மடை விசா அலுவலும் இன்னும் முடியேல்லை."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாலத்துக்கு மேலால் ஒரு ரயில் போனது. ஜன்னல் ஓரம் ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பாலத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, ரயில் சாரதிக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டேன். பாலச் சுவரில் ஒரு இலக்கத்தகடு இருந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். ரயில்களை நிறுத்தினார்கள். பரிசோதகர் வந்து, சேதமில்லை என்றார். அடுத்த கிழமை எனக்கு வேலை போனது. விசாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், இன்றைக்கும் எங்கள் பெடியள் பலர் டெலிவரி வேலையில் இருப்பதுதான்.

பிரித்தானியாவில் வருடத்துக்கு 1,500க்கும் மேற்பட்ட தடவை ரயில் பாலங்களில் வாகனங்கள் மோதுகின்றன. லொறி சாரதிகளில் 43 வீதமானோர் புறப்படுமுன் வண்டியின் உயரத்தை அளப்பதில்லை என்றும், 52 வீதமானோர் பாதையைத் திட்டமிடும்போது தாழ்ந்த பாலங்களைக் கவனத்தில் எடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டதாக நெட்வேர்க் ரெயில் சொல்கிறது. இரும்பு விட்டப் பாலங்களில் அடி பலமாக விழுந்தால் பாலத்தோடு தண்டவாளமும் விலகலாம். 2020 செப்டம்பரில் வின்செஸ்டரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய இரட்டைமாடி பஸ் ரயில் பாலத்தில் மோதி, மேல்தளக் கூரையே பிய்ந்து பிள்ளைகள் காயப்பட்டார்கள்.

"பாலத்தை உயர்த்தினால் என்ன?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் பேர்போன ஒரு பாலத்தை 2019இல் 8 அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் லொறிகள் மோதின. சிட்னி துறைமுகச் சுரங்கப்பாதையில், உயரமான வண்டி எச்சரிக்கைகளை மீறி வந்தால் வாசலில் தண்ணீர்த் திரை ஒன்றை விழுத்தி, அதில் 'நில்' என்று ஒளியால் எழுதிக் காட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாப் பாலத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. செலவில்லாத வழி சாரதியின் ஆசனத்தில்தான் இருக்கிறது.

இங்கே 3 மீற்றருக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குள் அதன் உயரம் சாரதிக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். அது சட்டம். ஏறியவுடன் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அளந்து, அடியிலும் மீற்றரிலும் எழுதி ஒட்டுங்கள். வளைவுப் பாலமென்றால் பலகையில் உள்ள உயரம் நடுப்பகுதிக்குத்தான், ஓரத்துக்கு இல்லை. போனில் இருக்கும் சாதாரண வழிகாட்டி உங்களைக் கார் என்றே நினைக்கும். லொறிக்கென்று உயரம் பதியக்கூடிய வழிகாட்டி தனியாக இருக்கிறது.

லொறிக்காரருக்கு மட்டும் சொல்லவில்லை. வீடு மாறவோ கலியாண மணவறைச் சாமான் ஏற்றவோ வார இறுதியில் லூட்டன் வான் வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகளே, அதை ஓட்டக் கார் லைசென்ஸ் போதும். ஆனால் அது பெரும்பாலும் 3 மீற்றரைத் தாண்டிய உயரம். அடிபட்டால் முதலில் தகட்டிலுள்ள ரயில்வே இலக்கம், அடுத்தது பொலிஸ். வீட்டுக்கும் கடைக்கும் பிறகு சொல்லலாம்.

முதலாளி அண்ணைமாருக்கும் ஒரு சொல். வண்டியை மாற்றிக் கொடுத்தால் அதன் உயரத்தையும் வாயால் சொல்லிக் கொடுங்கள். அரை நிமிட வேலை. விசாவைக் காட்டிப் பயப்படுத்தி ஒரு சாரதியை ஓடவைத்தால், மேலே வரும் ரயிலில் உங்கள் பிள்ளையும் இருக்கலாம்.