வாரை இழுக்கும் நாய்

மாலை வேளைகளில் நம் தெருக்களில் ஒரு வேடிக்கையைக் காணலாம். நாயை உலாவ அழைத்துச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு கனவான் ஒருவர் வீட்டிலிருந்து புறப்படுகிறார். நாலு வீடு தாண்டுவதற்குள், யார் யாரை அழைத்துச் செல்கிறார்கள் என்ற சந்தேகம் நமக்கு உண்டாகிவிடுகிறது!

பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கை, நாய்க்கோ விபரீதம். இரண்டு முறை இழுபட்டுக் கீழே விழுந்த எஜமானர், மூன்றாம் முறை அதை வெளியே அழைத்துச் செல்வதில்லை. அன்று முதல் கொல்லைப்புறத்துச் சங்கிலியே அதற்குக் கதி.

நமது இராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். வெண்ணிற மேனியும் ரோஜா நிற மூக்கும் கொண்ட இந்த ஜாதி, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் போனது. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா இதன் உருவத்தைத் தபால்தலையில் வெளியிட்டுக் கௌரவித்தது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த குலத்தில் பிறந்த ஒரு வயதுக் குட்டி, எதிரே பூனையைக் கண்டால் பாயாமல் இருக்குமா? அதற்காகத் தேசத்தின் கௌரவத்தைப் பெற்ற பிராணியை நாளெல்லாம் கட்டிப்போடுவது நியாயமாகுமா?

நாய் வாரை இழுப்பது திமிரினால் அன்று. இழுத்தால் காரியம் கைகூடுகிறது, ஆகையால் இழுக்கிறது. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் எட்வர்டு தார்ண்டைக், 1898-ஆம் ஆண்டில் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பரீட்சித்தார். நற்பலன் தந்த செய்கையையே பிராணி திரும்பத் திரும்பச் செய்யும் என்பதே அவர் கண்ட முடிவு. மரத்தடியை மோப்பம் பிடிக்க நாய் இழுக்கிறது; நாமும் பின்னாலேயே ஓடுகிறோம். இழுக்கக் கற்றுக் கொடுத்த உபாத்தியாயர் நாமேதான்!

பரிகாரம் சுலபமானது. ஆறடி நீளமுள்ள வாரைக் கையில் பிடித்து, முதலில் ஆள் நடமாட்டமில்லாத முற்றத்தில் நடந்து பழக வேண்டும். வார் விறைத்த கணமே, அடித்த முளைபோல் நின்றுவிட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. சற்று நேரத்தில் நாய் திரும்பிப் பார்க்கும், வார் தளரும். உடனே தட்டிக்கொடுத்து, நம் காலருகே ஒரு சிறு தின்பண்டத்தைக் கொடுத்து, மேலே நடக்க வேண்டும். தளர்ந்த வாரே தன்னை முன்னே கொண்டு செல்லும் என்பதை நாய் இவ்விதம் கண்டுகொள்கிறது.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம் பழக்கினால் போதும். ஆனால் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே விதியை அநுசரிக்க வேண்டும். தகப்பனார் நிற்க, பிள்ளையாண்டான் பின்னால் ஓடினால், பாடம் அத்தனையும் பாழ். நாய் வளர்ந்த வயதை உத்தேசித்துச் சில வாரங்கள் பொறுத்திருக்கவும் வேண்டும்.

கழுத்தை நெரிக்கும் சுருக்குப் பட்டையும் முள் பட்டையும் நாயின் தொண்டைக்குத் தீங்கு செய்பவை. மார்புப் பக்கம் வளையம் வைத்த மார்பட்டை எவ்வளவோ மேல். பலாத்காரத்துக்கு அஞ்சி அடங்கிய நாய், பலமற்ற கை வந்ததும் மீறிவிடும். அன்பினால் பழகிய நாயோ, பாட்டியின் கையிலும் பதமாக நடக்கும். கொல்லைப்புறத்துச் சங்கிலி துருப்பிடித்துப் போகட்டும்!