அமெரிக்க மக்களாட்சி: எண்ணப்பட்டவர்களும் வாக்களித்தவர்களும்

1790இல் எடுக்கப்பட்ட அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 39.29 லட்சம் பேரைப் பதிவு செய்தது. அவர்களில் ஏறத்தாழ 6.97 லட்சம் பேர், அதாவது 17.8 விழுக்காட்டினர், அடிமைகள். 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பின்படி, பிரதிநிதிகள் அவைக்கு இடங்களைப் பங்கிடும்போது 5 அடிமைகள் 3 பேராகக் கணக்கிடப்பட்டனர். வாக்கு அவர்களுக்கு இல்லை.

இதன் விளைவை வர்ஜீனியாவில் காணலாம். அம்மாநில மக்கள் 7,47,610 பேர். அடிமைகள் 2,92,627 பேர், 39.1 விழுக்காடு. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு 1,75,576. சுதந்திர மக்கள் 4,54,983 பேருடன் இதைக் கூட்டினால் 6,30,559. அப்போது 33,000 பேருக்கு ஓர் உறுப்பினர். மீதி கணக்கில் வராது. எனவே வர்ஜீனியாவுக்கு 19 இடங்கள் கிடைத்தன. சுதந்திர மக்களை மட்டும் எண்ணியிருந்தால் 13. அடிமைகளின் தலைகளை எண்ணியதால் அவர்களுடைய எசமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதலாக வந்த இடங்கள் 6. இந்தக் கணக்கில் அநீதி இரண்டு முறை பதிவாகிறது: உரிமை பறிக்கப்பட்டது ஒன்று, பறித்தவர்களின் அதிகாரம் அதனாலேயே வளர்ந்தது மற்றொன்று.

1860இல் அடிமைகளின் பங்கு 12.6 விழுக்காடாகக் குறைந்தது. விழுக்காட்டை மட்டும் பார்த்தால் முன்னேற்றம்போல் தோன்றும். ஆனால் எண்ணிக்கை 39,53,760. 1790இல் இருந்ததைப்போல் 5.7 மடங்கு. 1790இல் நாட்டின் மொத்த மக்கள்தொகையே இதைவிடக் குறைவு.

அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. லூசியானாவில் 1896இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898இல் அம்மாநிலம் வாக்காளருக்கு எழுத்தறிவு அல்லது சொத்துத் தகுதியை விதித்தது; 1867 தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோரின் மகன்களுக்கும் பேரன்களுக்கும் விலக்கு அளித்தது. அந்தத் தொடக்க நாளில் தெற்கின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்பதால் விலக்கு வெள்ளையருக்கே பயன்பட்டது. 1904இல் பட்டியலில் எஞ்சிய கறுப்பினத்தவர் 1,342 பேர். 8 ஆண்டுகளில் 99 விழுக்காடு குறைவு. 15ஆவது திருத்தத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

வர்ஜீனியாவில் வாக்குக்கு விலையே இருந்தது: ஆண்டுக்கு 1.50 டாலர் தலைவரி. 3 ஆண்டு பாக்கி இருந்தால் 4.50 டாலர் கட்டியாக வேண்டும். மத்தியத் தேர்தல்களில் இந்த வரியை 1964இல் 24ஆவது திருத்தமும், மாநிலத் தேர்தல்களில் 1966இல் உச்ச நீதிமன்றமும் நீக்கின. 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் தகுதி வயதுக் கறுப்பினத்தவரில் 6.7 விழுக்காட்டினரே வாக்காளர் பட்டியலில் இருந்தனர். 1967இல் 59.8 விழுக்காடு. 1870க்கும் 1965க்கும் இடையே 95 ஆண்டுகள். உரிமையை எழுதிவைப்பதற்கும் அதிகாரிகளை அனுப்பி நடைமுறைப்படுத்துவதற்கும் உள்ள தூரம் அது.

பெண்களின் கணக்கு வேகமாக மாறியது. அதிபர் தேர்தலில் 1916இல் பதிவான வாக்குகள் சுமார் 1.85 கோடி, பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தத்துக்குப் பின் 1920இல் 2.68 கோடி. உயர்வு 44 விழுக்காடு. சில மாநிலங்களில் பெண்கள் முன்பே வாக்களித்து வந்ததால், உயர்வு முழுவதையும் திருத்தத்தின் கணக்கில் எழுத முடியாது.

பேச்சுரிமை நேர்கோட்டில் வளரவில்லை. அரசை அவதூறு செய்வோருக்கு 1798இன் சட்டம் விதித்த உச்சத் தண்டனை 2 ஆண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். 1918இன் சட்டத்தில் 20 ஆண்டு, 10,000 டாலர். 120 ஆண்டுகளில் சிறைக்காலம் 10 மடங்கும் அபராதம் 5 மடங்கும் உயர்ந்தன. முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசிய சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் 10 ஆண்டு தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே 1920 அதிபர் தேர்தலில் போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டமீறலை ஆதரிக்கும் பேச்சில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டுவதை மட்டுமே தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது 1969இல்தான்.

வாக்காளர்கள் பெருகியபோது பிரதிநிதிகள் பெருகவில்லை. 2020இல் பதிவான வாக்குகள் 15.8 கோடி, மக்கள்தொகையில் 48 விழுக்காடு. அவையின் இடங்களோ 1913 முதல் 435 (1959 முதல் 1963 வரை மட்டும் 437). 33,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி 7,61,169 பேருக்கு ஒருவர். செனட்டில் இடைவெளி இன்னும் விரிந்தது. 1790இல் வர்ஜீனியா டெலவேரைப்போல் 12.7 மடங்கு மக்களைக் கொண்டிருந்தது. 2020இல் கலிபோர்னியா வயோமிங்கைப்போல் 68.5 மடங்கு. அன்றும் இன்றும் மாநிலத்துக்கு 2 செனட்டர்கள்.

தலைநகர் வாஷிங்டனில் 2020இல் 6,89,545 பேர் வசித்தனர்; வயோமிங்கில் 5,76,851. வயோமிங்குக்கு 2 செனட்டர்களும் 1 அவை உறுப்பினரும் உண்டு. மத்திய வருமான வரி கட்டும் தலைநகரத்தாருக்கு அதிபர் தேர்தலில் 3 தேர்வாளர் வாக்குகள் உண்டு. காங்கிரசில் வாக்களிக்கும் உறுப்பினர் 0. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி விதித்ததை எதிர்த்துப் பிறந்த நாட்டில் இந்த 0 நீடிப்பதற்கு நியாயம் இல்லை.