நடப்பவளுக்கும் சைக்கிளில் போபவளுக்கும் நகரில் இடம் வேண்டும்

வீதி அபிவிருத்தி என்றவுடன் எங்கள் மனக்கண்ணில் தோன்றுவது அகலமான வீதியும் அதில் விரைந்து செல்லும் வாகனங்களும்தான். யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின் வடக்கில் பல வீதிகள் அகலமாக்கப்பட்டு காப்பெற் இடப்பட்டன. இது வரவேற்க வேண்டிய விடயமே. ஆனால் அந்த வீதிகளின் ஓரத்தில் யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று பார்க்கும்போது சில கேள்விகள் எழுகின்றன.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுடன் பணியாற்றுபவள் என்ற வகையில் யாழ்ப்பாணம் நகரத்துக்கு வேலைக்கு வந்துபோகும் பல தாய்மாரை நான் அறிவேன். கடையில் விற்பனையாளராக நிற்பவர், தையற்கடையில் வேலை செய்பவர், அலுவலகங்களில் துப்புரவுப் பணி செய்பவர் எனப் பலர். பெரும்பாலானோருக்கு வாகனம் என்றால் சைக்கிள்தான். அதுவும் இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிறார்கள்.

ஒரு தாயின் ஒருநாள் பயணத்தைப் பாருங்கள். காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விடவேண்டும். கிளினிக் நாளென்றால் வயதான தாயைப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லவேண்டும். பிறகு வேலை. மாலையில் சந்தை, அதன்பின் பிள்ளையை ரியூசனிலிருந்து கூட்டிவருதல். ஆண்களில் பலரது பயணம் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே இழுத்த ஒரு கோடு. பெண்ணின் பயணமோ பல புள்ளிகளைத் தொட்டுவரும் கோலம். வீதியைத் திட்டமிடுபவர்கள் கோட்டைப் பார்க்கிறார்கள், கோலத்தைப் பார்ப்பதில்லை.

சைக்கிள் எமக்குப் புதியதல்ல

1990 இன் பின் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது நின்றபோது எங்களைச் சுமந்தது சைக்கிள்தான். விறகும் மூட்டையும் நோயாளியும் அதில்தான் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்களின் முழு வீடும் சைக்கிள் கரியரில்தான் நகர்ந்தது. பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடிப் படிக்கச் செல்வது எங்கள் ஊரில் வழமையாகிப் போனது.

பாதைகள் திறந்து, லீசிங் வசதிகளும் வந்தபின் மோட்டார் சைக்கிளும் கார்களும் பெருகின. சைக்கிள் ஏழைகளின் வாகனம் என்று ஒதுக்கப்பட்டது. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமற்போன மாதங்களில் மறுபடியும் எல்லோரும் சைக்கிளைத் தேடினார்கள், அதன் விலையும் தாறுமாறாக ஏறியது. பெற்றோல் திரும்பி வந்ததும் அந்தப் பாடத்தையும் மறந்துவிட்டோம்.

நகர மத்தியில் ஒரு நடை

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதி மாதர் சங்கத்துப் பெண்கள் சிலருடன் பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலை, நவீன சந்தை, கஸ்தூரியார் வீதி என்று நடந்து பார்த்தேன். ஒருவர் கையில் கொப்பி. ஒருவர் குழந்தையுடன். ஒருவர் யுத்தத்தில் காலை இழந்து செயற்கைக்கால் பொருத்தியவர்.

நடைபாதை உள்ள இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மூடி உடைந்த வாய்க்காலைக் கண்டு இறங்கினால் வீதியில் பஸ் வருகிறது. செயற்கைக்காலுடன் வந்த அக்காவுக்கு நடைபாதையின் உயரமான விளிம்பில் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவதுதான் பெரிய பாடு. மஞ்சள் கடவையில் நின்றாலும் வாகனங்கள் வேகத்தைக் குறைப்பதாயில்லை. மாலை ஆறரைக்குப் பின் இருள்கின்ற ஒழுங்கைகளைத் தவிர்க்கச் சுற்றிப் போவதாகக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சொன்னார்கள்.

இவை சின்ன விடயங்கள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு தாய், வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது, நிறுத்தியிருந்த வாகனமொன்றின் கதவு திடீரெனத் திறந்ததால் விழுந்து கால் முறிந்தார். மூன்று மாதம் வேலையில்லை. நுண்கடன் தவணை தவறியது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் கடையொன்றில் வேலைக்குப் போனான். ஒரு பெண்ணின் உழைப்பில் நிற்கும் குடும்பத்துக்கு வீதி விபத்து என்பது இன்னொரு இடப்பெயர்வு மாதிரி.

மற்ற நகரங்கள் செய்தவை

ஸ்பெயினில் பொன்ரவேத்ரா என்றொரு நகரம் உண்டு. சனத்தொகை ஏறக்குறைய 83,000. யாழ். மாநகர சபைப் பகுதியின் அளவுதான். 1999 இல் அங்கு புதிதாகப் பதவியேற்ற மேயர், நகர மத்தியில் நடப்பவருக்கே முதலிடம் என்று முடிவெடுத்தார். வீதியோர வாகனத் தரிப்பிடங்கள் அகற்றப்பட்டன. வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. 1996 தொடக்கம் 2006 வரை 30 பேர் விபத்துகளில் இறந்த அதே வீதிகளில், அடுத்த பத்து ஆண்டுகளில் இறந்தவர்கள் மூவர் மட்டுமே. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று காட்டும் எளிய வரைபடம் ஒன்றையும் அவர்கள் அச்சிட்டார்கள். அதற்குப் பெரிய செலவேதும் இல்லை.

ஒஸ்ரியாவின் தலைநகர் வியன்னாவில் 1999 இல் மக்களின் பயணங்கள் பற்றிக் கேட்டபோது, ஆண்களில் பலர் விரைவில் பதிலை எழுதி முடித்தார்கள். பெண்களோ எழுதிக்கொண்டே இருந்தார்களாம். அதன்பின் அங்கு ஒரு பகுதியில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன, வெளிச்சம் கூட்டப்பட்டது, குழந்தை வண்டி ஏறக்கூடிய சாய்வுகள் அமைக்கப்பட்டன. பெண்களைக் கேட்டதால் கிடைத்த மாற்றம் இது.

எமக்குப் பொருந்துவது எது?

பெரிய பாலங்களோ கோடிக்கணக்கான பணமோ தேவையில்லை. வாய்க்கால்களுக்குச் சரியான மூடி, நடைபாதை விளிம்பில் சாய்வு, வைத்தியசாலை முன்னும் பாடசாலைகள் முன்னும் உயர்த்திய கடவை, சைக்கிள் விடப் பாதுகாப்பான இடம், எரிகின்ற வீதி விளக்கு. இவை உள்ளூர் நிதியிலும் செய்யக்கூடியவை. நகரப் பகுதிகளில் நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் வாகனங்களும் கலக்குமிடத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமே உச்சமாக இருக்கவேண்டும் என்று 2020 ஸ்ரொக்ஹோம் பிரகடனமும் கூறுகிறது.

இரண்டு தடைகளை மறைக்காமல் பேசவேண்டும். முதலாவது, வாசலில் வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் குறையும் என்ற கடைக்காரரின் பயம். நடந்து வருபவர்தான் கடைவாசலில் நின்று பார்த்து வாங்குகிறார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். இரண்டாவது இன்னும் சிக்கலானது. நடைபாதையில் மரக்கறியும் பழமும் விற்பவர்களில் எங்களைப் போன்ற பெண்களும் இருக்கிறார்கள். நடைபாதையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அவர்களது கடகங்களைத் தூக்கி எறிந்தால் அது எங்களுக்கு வெற்றியல்ல. அவர்களுக்குக் கோடு போட்டு ஓரிடம் ஒதுக்கவேண்டும் என்பதையும் எங்கள் கோரிக்கையிலேயே சேர்க்கவேண்டும்.

யாரிடம் கேட்பது?

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. மனு எழுதமுன் வீதி யாருடையது என்று அறிந்துகொண்டால் அலைச்சல் குறையும். திட்டம் என்ன, ஒதுக்கிய பணம் எவ்வளவு என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களை அணுகும் வசதி பற்றி 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்துள்ளன. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

2018 உள்ளூராட்சித் தேர்தல் முதல் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. 2025 மே மாதத் தேர்தலிலும் அந்த ஒதுக்கீட்டின்படி பெண்கள் தெரிவாகினார்கள். வரவு செலவுத் திட்டம் தயாராகும் ஆண்டின் கடைசி மாதங்களுக்கு முன்னரே உங்கள் பகுதிப் பெண் உறுப்பினரைச் சந்தியுங்கள்.

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் நாளாந்தம் போகும் பாதையை வரையுங்கள். விழுந்த இடம், பயந்த இடம், சுற்றிப்போன இடம் மூன்றையும் குறியுங்கள். பத்துப் பெண்களின் படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எங்கே முதலில் வேலை நடக்கவேண்டும் என்பது தானாகவே தெரியும். அந்தப் படத்தை மனுவுடன் சேர்த்து, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியையும் எழுதி வையுங்கள்.