நீர்த்தெள்ளும் பூச்சிமருந்தும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. கோடு புதிது, நிலம் பழையது. கோட்டின் இருபுறமும் செம்புறைக்கல் மேடுகள், மேடுகளுக்கிடையே ஏலா எனப்படும் தாழ்ந்த வயல்வெளிகள், அவற்றை ஒட்டிக் குளங்கள், ஓடைகள். மேட்டில் விழும் மழை, தோட்டத்தில் உள்ளதைக் கரைத்துக்கொண்டு ஏலாவிற்கும் குளத்திற்கும் இறங்குகிறது. முன்னாளில் நெல் விளைந்த ஏலாக்கள் பலவற்றில் இன்று ஏத்தன் வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன. வாழை வந்த இடத்தில் கூன்வண்டும் வந்தது. கூன்வண்டின் பின்னே பூச்சிமருந்தும் வந்தது. அம்மருந்து குளத்தை அடைந்தால் அங்கு முதலில் மடிவது எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள்.

குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கடுகினும் சிறிய உயிர்கள் விட்டுவிட்டுத் துள்ளி நீந்துவதைக் காணலாம். இவற்றுள் ஒரு வகை நீர்த்தெள்ளு. துள்ளும் நடையால் இப்பெயர் பெற்றதேயன்றி, நாயின் உடலில் ஒட்டும் தெள்ளுக்கும் இதற்கும் உறவு சிறிதும் இல்லை. இறாலும் நண்டுமே இதன் உறவினங்கள். இதன் உடல் கண்ணாடி போன்றது. உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் இதயம் துடிப்பதையும், முதுகுப் பையில் முட்டைகள் குஞ்சாவதையும் உயிரோடிருக்கும்போதே காணலாம். நுண்ணிய பாசியை வடித்துத் தின்பது இதன் தொழில். மீன்குஞ்சுக்கு இரையாவது இதன் விதி. நீர்த்தெள்ளு அழிந்த குளத்தில் பாசி தடையின்றிப் பெருகி நீர் பச்சையாகும். மீன்குஞ்சுகள் இரையின்றி மெலியும். மீன் செத்து மிதந்தால் ஊர் அறியும். நீர்த்தெள்ளு மடிந்தால் எவரும் அறியார். இதனாலேயே விஞ்ஞானிகள் இதனைத் தேடிப் பிடித்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டு சென்றனர்.

சோதனைச் சாலையில் பெரிதும் வழங்குவது டாப்னியா மேக்னா என்னும் பெரிய இனம். சுவீடன் நாட்டு நீர்நிலையியலார் எய்னார் நௌமன் 1930களில் இதனைப் பரிசோதனை உயிராகக் கையாண்டார். அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவர் ஆலைக்கழிவுகளில் காணும் பல பொருள்களின் நச்சளவை இதனைக்கொண்டு அளந்து 1944இல் வெளியிட்டார். இவ்வுயிரைத் தேர்ந்ததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. தக்க சூழ்நிலையில் பெண் நீர்த்தெள்ளு ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகள் எல்லாம் பெண். எல்லாம் தாயின் மறுபதிப்பு. ஒரே அச்சில் வார்த்த நூறு உயிர்கள் கிடைத்தால், மருந்துக்கு மருந்து காணும் வேறுபாடு மருந்தினாலேயே வந்தது என்று துணிந்து கூறலாமன்றோ?

சோதனை நடைபெறும் முறை

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு வகுத்த 202ஆம் எண் வழிமுறை 1981இல் முதலில் வெளிவந்து, 2004இல் இறுதியாகத் திருத்தம் பெற்றது. உலகெங்கும் இன்று பின்பற்றப்படுவது பெரும்பாலும் இதுவே. பிறந்து 24 மணி நேரத்திற்கு உட்பட்ட குஞ்சுகளை மட்டுமே எடுக்க வேண்டும். தாயின் முதல் ஈற்றில் பிறந்தவை விலக்கப்படும். மருந்தை ஒரு வரிசையாகக் குறைந்தது ஐந்து செறிவுகளில் கரைத்துக்கொள்வர். ஒரு செறிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் 2.2 மடங்கிற்கு மேற்படலாகாது. ஒவ்வொரு செறிவிலும் இருபது குஞ்சுகள். அவற்றை ஐந்தைந்தாக நான்கு குவளைகளில் விடுவது வழக்கம். ஒரு குஞ்சுக்கு 2 மில்லிலிட்டர் நீரேனும் இருக்க வேண்டும். வெப்பம் 18 முதல் 22 பாகைக்குள் நிலையாக இருக்க வேண்டும். 48 மணி நேரமும் உணவில்லை. ஏனெனில் இரையாக இடும் பாசி மருந்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும்.

24 மணியிலும் 48 மணியிலும் குவளையை மெல்ல அசைத்துப் பார்ப்பர். அசைத்த 15 விநாடிக்குள் நீந்தாத குஞ்சு செயலிழந்ததாகக் கணக்கிடப்படும். இறந்தது என்று எழுதாமல் செயலிழந்தது என்று எழுதுவது நேர்மையான சொல்வழக்கு. இவ்வளவு சிறிய உயிரின் மரணத்தை உறுதியாகச் சொல்வது கடினம். நீந்த இயலாத நீர்த்தெள்ளு குளத்தில் பிழைக்காது என்பதோ எளிதில் விளங்கும். ஐந்து செறிவுகளிலும் கிடைத்த எண்ணிக்கையிலிருந்து, பாதிக் குஞ்சுகளைச் செயலிழக்கச் செய்யும் செறிவைக் கணிப்பர். பாதி என்று கொண்டது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். கூட்டத்தில் மிக வலியது ஒன்றும் மிக மெலியது ஒன்றும் எப்போதும் இருக்கும்; அவ்விரு கோடிகளும் சோதனைக்குச் சோதனை மாறும். நடுப்புள்ளி அவ்வாறு அலைவதில்லை.

மருந்தில்லாத நீரில் விடப்பட்ட குஞ்சுகளுள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செயலிழந்தால் சோதனை முழுவதும் தள்ளப்படும். குஞ்சுகளின் நலத்தைச் சரிபார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேட்டு என்னும் உப்பை அவ்வப்போது கொடுத்துப் பார்ப்பர். அதன் 24 மணி அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழ வேண்டும். தராசைப் படிக்கல் இட்டுப் பார்ப்பது போன்றது இது.

அரைக் கிராமின் கணக்கு

வாழைத் தண்டுக் கூன்வண்டிற்கு எதிராகக் கையாளப்பட்டு வந்த மருந்துகளுள் ஒன்று குளோர்பைரிபாஸ். கடையில் கிடைக்கும் 20 சதவிகிதக் குழம்பில் 2.5 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் 0.05 சதவிகிதக் கரைசல் கிடைக்கும். அந்த ஒரு லிட்டரில் மருந்து அரைக் கிராம். டாப்னியா மேக்னாவிற்கு இம்மருந்தின் 48 மணி அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த அரைக் கிராமை இவ்வளவிற்குத் தேய்க்க 50 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளம் கொள்ளும் நீர் அது.

தெளிப்பானில் எஞ்சிய ஒரு லிட்டரைக் குளத்துப் படித்துறையில் கொட்டிக் கழுவினால் குளத்து நீர்த்தெள்ளுகளில் பாதி மடியும் என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டலாகாது. குளோர்பைரிபாஸ் நீரில் எளிதில் கரையாது. மண்ணையும் சேற்றையும் மக்கிய இலையையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கொட்டியதில் பெரும் பகுதி அடிச்சேற்றில் தங்கும். நீரில் நிற்பது கணக்கிட்டதினும் குறைவு. எனினும் ஐம்பது லட்சம் லிட்டர் என்பது விளையாட்டன்று. படித்துறையை ஒட்டிய நீரில் முதல் சில மணி நேரம் செறிவு எத்தனை மடங்கு மிகுந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மருந்து நரம்பைத் தாக்குவது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்ததும் சிதைத்தகற்ற ஒரு நொதி உண்டு. மருந்து அந்நொதியைக் கட்டிவிடுகிறது. செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்க, உயிர் துடித்து அடங்குகிறது. மனிதனுக்கும் மீனுக்கும் கூன்வண்டிற்கும் இந்நொதி உண்டு. பல மீன்கள் இம்மருந்தில் பத்துக்கணக்கான மைக்ரோகிராம்களைத் தாங்கும். வண்டினத்தோடு உறவுடைய நீர்த்தெள்ளு தாங்காது. நமது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் (1986) கழிவுநீருக்கு வகுத்த பொது அளவுகோல், கழிவுநீரில் 96 மணிக்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பது. மீனைக் கேட்டால் மீனுக்கு உரிய விடையே கிடைக்கும்.

நாட்டில் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்த வரலாறும் இப்பகுதிக்கு அயலானதன்று. 1958ஆம் ஆண்டு பாரத்தியான் என்னும் மருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாநிலத்திலும் சாவுகள் நேர்ந்தன. அதன் விளைவாக எழுந்த விசாரணைகளின் முடிவே 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். மருந்துப் புட்டியில் காணும் வண்ணக் கட்டம் இச்சட்டத்தின் விதிகளால் வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களும் எலி முதலிய பாலூட்டிகளுக்கு அம்மருந்து எவ்வளவு கொடியது என்பதைக் காட்டுவன. மனிதன் சாவதைத் தடுக்கப் பிறந்த சட்டத்தில் இது முறையே. ஆனால் கட்டத்தின் நிறம் குளத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. டைபுளுபென்சுரான் என்னும் மருந்தை எலி பெருமளவு உண்டும் இறப்பதில்லை. நீர்த்தெள்ளுக்கோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்களே போதும். அது நரம்பைத் தொடாமல், ஓடு உரிக்கும் உயிர்களின் புதிய ஓட்டையே உருவாகவிடாமல் செய்கிறது. எலிக்கு ஓடு இல்லை.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நீர்த்தெள்ளுக்கு அளவிற்கு மீறிய புகழ் கொடுப்பதாகும். இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தின் 48 மணி அளவு டாப்னியா மேக்னாவிற்கு லிட்டருக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம். இந்த எண்ணை மட்டும் கண்டவர் மருந்து மிகச் சாதுவானது என்றே கொள்வர். ஆனால் மேபிளை என்னும் பூச்சியின் நீர்வாழ் இளம்பருவத்திற்குச் சில மைக்ரோகிராம்களே தீங்கு செய்யப் போதுமானவை. வேறுபாடு பல்லாயிரம் மடங்கு. ஓர் உயிர் கொடுத்த நற்சான்றைக் குளத்து உயிர்கள் அனைத்தின் நற்சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஆபத்தானது என்பது எம் கருத்து.

நம் குளத்து நீர் வேறு

வழிமுறையில் கூறிய சோதனை நீரின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டு அளவில், லிட்டருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் வரை. செம்புறைக்கல் நிலத்து நீர் அவ்வாறன்று. பொதுவாக மென்மையானது, சற்றே புளிப்பானது. குளோர்பைரிபாஸுக்கு இது பெரிய வேறுபாடு செய்யாது. மயில்துத்தத்திற்கு மிகப் பெரிய வேறுபாடு செய்யும். தென்னையிலும் வெற்றிலைக் கொடியிலும் காளான் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் உள்ள செம்பு, கடின நீரில் பாதி அடங்கிக் கிடக்கும். மென்னீரில் அதன் நச்சு ஓங்கும். சுண்ணாம்பு மிக்க நீரில் அளந்த எண்ணைப் பாறசாலைக் குளத்திற்கு அப்படியே பொருத்தினால் தவறான ஆறுதலே கிடைக்கும். வெப்பமும் அவ்வாறே. 20 பாகையில் உயிர் வாழும் வேகம் வேறு. நம் குளத்தின் 28 பாகையில் வேறு. மேலும் நம் வெப்ப நாட்டுக் குளங்களில் மிகுதியாகக் காண்பது டாப்னியா மேக்னா அன்று. மொய்னா, செரியோடாப்னியா முதலிய சிறிய இனங்களே.

இனி எல்லைக்கோட்டிற்கு வருவோம். 2011ஆம் ஆண்டு மே மாதம் கேரள அரசாங்கம் போரேட்டு, கார்போபியூரான், மோனோகுரோட்டோபாஸ், டிரையசோபாஸ் முதலான பல மருந்துகளைத் தன் எல்லைக்குள் தடை செய்தது. கோட்டிற்கு அப்பால் அத்தடை செல்லவில்லை. பாறசாலையில் விற்க முடியாததைச் சில கல் தொலைவில் விற்க முடிந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது. மத்திய அரசாங்கத்தின் ஆணையால் போரேட்டும் டிரையசோபாஸும் 2020ஆம் ஆண்டு இறுதியோடு நாடெங்கும் விலக்கப்பட்டன. 2023இல் கார்போபியூரானின், உறையிட்ட குருணை தவிர்த்த, வடிவங்கள் எல்லாம் விலக்கப்பட்டன. குளோர்பைரிபாஸைக் குறித்து, அழியா நச்சுகள் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள் 2025இல் கூடி, சில விலக்குகளோடு அதனை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தன. ஆணைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஓடைகளோ எவ்வாணையையும் பாராமல் ஓடுகின்றன. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டிற்குக் கொண்டுவந்த நீர் 2004இல் நின்றபின், அப்பக்கத்து வயல்களுக்கு மழையும் குளமும் முன்னிலும் இன்றியமையாதன ஆயின. நஞ்சைத் தேய்க்க உள்ள நீரும் அந்த அளவிற்குக் குறைந்தது.

இந்நிலையில் எல்லைப்புறக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் சாலையே இச்சோதனையைத் தன் ஊர் நீரில் நடத்தலாம். பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. சிறு குவளைகள், உருப்பெருக்கி, கடிகாரம், நிலையான வெப்பம், எண்ணுவதற்குப் பொறுமை ஆகியவை போதும். அவ்வூர்க் குளத்து மொய்னாவைச் சில தலைமுறை வளர்த்து, வடிகட்டிய குளத்து நீரிலேயே 28 பாகையில் வைத்துப் பார்க்கலாம். முதல் வாரம் எந்த மருந்தையும் திறக்கத் தேவையில்லை. மருந்து கலவாத குளத்து நீரில் இருபது குஞ்சுகளையும், தூய நீரில் உப்புகளைச் சேர்த்துச் செய்த நீரில் இருபது குஞ்சுகளையும் விட்டு, 48 மணி கழித்து இரு புறமும் நீந்துபவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு எண்ணிக்கையும் ஒத்திருந்தால் மருந்துச் சோதனையைத் தொடங்கலாம். குளத்து நீரில் இருப்பவை மட்டும் அடங்கிக் கிடந்தால், அக்குளத்திற்கு மேலேயுள்ள தோட்டங்களில் அம்மாதம் தெளித்தது என்ன என்று விசாரிக்க வேண்டும்.