10 கிரெயினில் கோட்டைவிட்ட ரெமிங்டன்: மான் வேட்டையில் கனமான குண்டுக்கு ஏன் மவுசு?

பப்ஜி ஆடியவர்களுக்கு 5.56, 7.62 என்ற எண்கள் அத்துப்படி. அவை மில்லிமீட்டரில் தோட்டாவின் அளவைச் சொல்பவை. ஆனால், ஒரே அளவிலேயே லேசான குண்டு, கனமான குண்டு என்று ரகங்கள் இருப்பது கேமில் தெரியாது. அமெரிக்காவில் சின்ன தோட்டாவோடு மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் கேள்வியே அதுதான். இந்தியாவில் மானைச் சுட்டால் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பாயும். அங்கே உரிமம் வாங்கி, சீசனில் வேட்டையாடலாம்.

1955-ல் வின்செஸ்டர் நிறுவனம் .243 வின்செஸ்டர் தோட்டாவையும், ரெமிங்டன் .244 ரெமிங்டன் தோட்டாவையும் இறக்கின. எண்தான் வேறு. இரண்டிலும் குண்டின் விட்டம் 0.243 அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம். தோளில் உதைப்பது குறைவு என்பதால் பயமில்லாமல் குறிபார்க்கலாம். வேகத்தில் ரெமிங்டன் கைதான் கொஞ்சம் ஓங்கியிருந்தது. ஆனாலும் விற்பனையில் செம அடி!

காரணம், வின்செஸ்டர் 100 கிரெயின் குண்டு கொடுத்தது. ரெமிங்டன் 90-டு நிறுத்திக்கொண்டது. கிரெயின் என்பது குண்டின் எடைக் கணக்கு. 100 கிரெயின் என்றால் சுமார் 6.5 கிராம். ஆக, வித்தியாசம் முக்கால் கிராம்கூட இல்லை.

ரெமிங்டன் மனதில் இருந்தது கிரவுண்ட்ஹாக் மாதிரி சின்ன பிராணிகள். அதற்கான லேசான குண்டுகளுக்கு உறை மெல்லிசு; வேகமாகப் போய், பட்டதும் சிதறும். மானிடம் அது எடுபடாது. தோள் எலும்பில் பட்டு மேலோட்டமாகச் சிதறினால், நுரையீரல் வரை போகாது. அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து துடித்துச் சாகும். சுட்டவர் கைக்கும் கிடைக்காது. கனமான குண்டுக்கு முன்பக்க அகலம் அதேதான், பின்னாலிருந்து தள்ளும் எடை அதிகம். அதனால் ஆழமாக இறங்கும். 90 கிரெயினே மானுக்குப் போதும் என்று வாதாடியவர்களும் உண்டு. அதுவும் தப்பில்லை, எடையைவிட உறை எப்படிப்பட்டது என்பதுதான் பாதி விஷயம்.

சரி, ரெமிங்டனும் 100 போட்டிருக்கலாமே?

அங்கேதான் சிக்கல். ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் சுற்று பத்தாத பம்பரம் மாதிரி தள்ளாடும். குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள்தான் அந்தச் சுழற்சியைத் தருகின்றன. வின்செஸ்டர் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரெமிங்டனில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1963-ல் 9 அங்குலச் சுற்றோடு ‘6 எம்எம் ரெமிங்டன்’ என்று பெயரையே மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் சந்தை கைமாறிவிட்டது.

எடை சட்டத்திலும் இருக்கிறது. கொலராடோவில் மான் வேட்டைக்குக் குறைந்தது 70 கிரெயின் குண்டு வேண்டும். ஸ்காட்லாந்தில் பெரிய மான் இனங்களுக்கு 100 கிரெயின் கட்டாயமாக இருந்தது. இறைச்சியில் ஈயத் துகள் கலப்பதைத் தவிர்க்க, செம்புக் குண்டுக்கு மாற நினைத்தவர்கள் இங்கேதான் முட்டிக்கொண்டார்கள். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே 100 கிரெயினைச் செம்பில் செய்தால் குண்டு இன்னும் நீளும், .243 துப்பாக்கியின் வழக்கமான குழலுக்கு ஒத்துவராது. அதனால் 2023-ல் அந்த வரம்பை 80 கிரெயினாகக் குறைத்தது ஸ்காட்லாந்து.