மனக்காயத்துக்குத் துணையாக ஒரு நாய்: சட்டம் தருவதும் தராததும்

பேரதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்ட ஒருவருக்காகக் குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்யப் பழக்கப்பட்ட நாயை மனநலச் சேவை நாய் என்கிறார்கள். கெட்ட கனவில் கைகால் உதறுபவரின் போர்வையை அது பல்லால் இழுத்து எழுப்பும். படபடப்பும் மூச்சுத்திணறலும் தொடங்கினால் மடியில் தலையைப் பாரமாக வைத்து, அவர் அடங்கும்வரை எடுக்காது. கூட்டத்தில் முதுகுப்பக்கம் நின்று இடைவெளி உண்டாக்கும். ஆறுதல் பிராணி வேறு வகை. அதற்குத் தனிப் பழக்கம் எதுவும் வேண்டாம். நாயோ பூனையோ, கூடவே இருப்பதுதான் அதன் பயன். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தத் தேவை கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடக்கிறது. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் கவிழ்ந்த பெட்டியில் இருட்டில் கிடந்தவருக்கு, பிறகு ரயில் ஹாரன் கேட்டாலே உடம்பு விறைத்துப்போகலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் உலை விபத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், செங்கல் சூளைக் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர், போரைக் கடந்து வந்து கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்பவர் என்று மனக்காயத்தோடு வாழ்பவர்கள் பலர். உடல் காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஊர் இந்தக் காயத்தைப் ‘பயந்துட்டான்’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறது.

நாய் உதவுமா என்றால், அளவோடு உதவும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 156 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சேவை நாயும் பெற்றவர்களுக்கு, சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாத முடிவில் மனக்காய நோய் (PTSD) நீடிக்கும் வாய்ப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. ஆனால் இவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல. நாய்களும் முறையாகப் பழக்கப்பட்டவை. இரண்டு குழுவினருமே சிகிச்சையை விடவில்லை. நாய் வந்துவிட்டது என்று மாத்திரையையும் கவுன்சலிங்கையும் நிறுத்துவது ஆபத்து.

அமெரிக்கச் சட்டம் மனநலச் சேவை நாயைப் பொது இடங்களில் அனுமதிக்கிறது. ஆறுதல் பிராணிக்கு அந்தச் சலுகை இல்லை. 2021 முதல் அங்குள்ள விமான நிறுவனங்களும் அதைச் சாதாரணச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம். இந்தியாவில் நிலைமை இன்னும் வெறுமையானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ இந்த இரு வகைப் பிராணிகளையும் வரையறுக்கவில்லை. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு ஆன்லைனில் அனுப்பப்படும் ‘எமோஷனல் சப்போர்ட்’ அட்டைக்கும், நாய்க்கு மாட்டும் சட்டைக்கும் இங்கே எந்த மதிப்பும் கிடையாது. அந்த அட்டையைக் காட்டி ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுத்தால்தான் கூட்டிச்செல்லலாம்.

நாய்க்கு இல்லாத உரிமை மனிதருக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் வழி தேட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல நலத்திட்டங்கள் திறக்கும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் வைக்க வேண்டும். உலைக்களத்துக்குள் நாயை விடச் சொல்வது நாய்க்கும் தொழிலாளிக்கும் கேடு, அதைக் கேட்கவே கூடாது. நைட் ஷிப்டிலிருந்து மாற்றம், சைரன் சத்தம் குறைந்த பிரிவு, மருத்துவரைப் பார்க்க விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இது சொந்த ஃபிளாட்காரருக்குக் கைகொடுக்கும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அத்தனை பலம் தராது, வீட்டுக்காரரின் சம்மதமே அங்கே முடிவு. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் நாயைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு வரும் பல சண்டைகள் வராது.

ஆபத்துகளில் முதலாவது, தவறான நாய். பனிநாட்டு ஹஸ்கியை மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிப்போட்டால் அது தவிக்கும், பார்ப்பவரின் மனமும் கூடச் சேர்ந்து தவிக்கும். சாதுவான நாட்டு நாய்க் குட்டி இந்த மண்ணின் சூட்டைத் தாங்கும், செலவும் குறைவு. தத்தெடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் அதன் சுபாவத்தைக் காட்டுவது நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் போட வேண்டும். வீட்டு நாய்தானே என்று கடியை அலட்சியம் செய்யக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு ஆபத்து பேசப்படுவதே இல்லை. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போய்விடும், அந்த இழப்பு பழைய காயத்தைக் கிளறும். தூக்கத்துக்கும் வெளியே போவதற்கும் நாய் ஒன்றையே நம்பாமல் வேறு பழக்கங்களையும் சிகிச்சையில் வளர்த்துக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

பயிற்சி பெற்ற நாய் என்று பெரும் பணம் வாங்கி ஏமாற்றினால், இரண்டு ஆண்டுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915. பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். வேலையிடப் பாகுபாட்டுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100. காப்பீட்டு நிறுவனம் மனநோய்ச் சிகிச்சையை உடல்நோய்க்கு இணையாக ஏற்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. நாயின் செலவு அதில் சேராது. நாய் வாங்குவதற்கு முன்பே பேச வேண்டிய எண், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனாஸின் 14416. கட்டணமில்லாத இந்தச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.