எரிந்த குதமும் நமது காமிராவும்

கோயில் கோபுரத்தைப் படம் பிடிக்கலாம். குழந்தையின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் படம் பிடிக்கலாம். துருப்பிடித்த இரும்பைப் படம் பிடிப்பதற்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று நம் வீட்டிலே கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசுவரரைத் தரிசிப்பார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவார்கள். நாமும் அவ்விரண்டையும் குறைவின்றிச் செய்துவிட்டுத்தான், உரிய அனுமதியோடு, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்க்கப் புறப்பட்டோம்.

நமக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. வகுப்பில் இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "யுத்தம் நம் பக்கமும் வந்ததா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 1942 ஏப்ரலில் சென்னையைக் காலி செய்துவிட்டுக் கிராமத்துக்கு ஓடிய கதையை நம் பாட்டி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். ஆனால், ஓடியவர்களைத் துரத்தியது எது என்று காட்டுவதற்கு நம்மிடம் ஒரு படமும் இல்லை.

பிரிட்டிஷ் கடற்படை, இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இங்கே காட்டைத் திருத்தி இந்த இரும்புக் குதங்களை நிறுவியது. ஒவ்வொன்றும் சுமார் 10,000 டன் எண்ணெய் கொள்ளும். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்ததும் இத்துறைமுகத்தின் மதிப்பு உயர்ந்தது. ஆபத்தும் கூடவே உயர்ந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி காலை திருகோணமலையின் முறை வந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால் கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, 307 பேர் மாண்டனர். கப்பல்களாவது ஓடிப் பார்த்தன. குதங்கள் எங்கே ஓடும்? 91-ஆம் குதத்தின்மேல் ஒரு ஜப்பானிய விமானம் மோதியது. ஏழு நாட்கள் அது எரிந்தது.

காட்டுப் பாதையில் சென்ற நம்முன், மரங்களுக்கிடையே குதங்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. துரு ஏறியிருந்தாலும் அவை நிமிர்ந்து நிற்கின்றன. 91-ஆம் குதமோ நிற்கவில்லை; உருகிய மெழுகுபோல் மடிந்து சரிந்து கிடக்கிறது. மடிப்புகளுக்கிடையே செடி கொடிகள் தழைத்திருக்கின்றன.

உச்சி வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் வீணாயின. பாதி வெளுப்பு, பாதி கறுப்பு. பொறுத்திருந்தோம். சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்ததும் துரு முழுவதும் செம்பொன்னாக மின்னிற்று. மகிழ்ச்சியோடு பல படங்கள் எடுத்து, நம்மை அழைத்து வந்த ஓட்டோக்காரப் பெரியவரிடம் காட்டினோம். அவருடைய தகப்பனார், குண்டு விழுந்த அன்று காட்டுக்குள் ஓடி ஒளிந்த சிறுவர்களில் ஒருவராம்.

"வடிவாய்த்தான் இருக்கு, மாஸ்டர்" என்றார். "ஆனால் இது எரிஞ்ச இடம். பாக்கிறவைக்குச் சூடு தெரிய வேணும்."

நமக்குச் சுருக்கென்றது. அழகைத் தேடிய அவசரத்தில் வந்த காரியத்தை மறந்துவிட்டோம். பிறகு அவரையே வேண்டிக்கொண்டு, மடிந்த தகட்டின் பக்கத்தில் அவர் கையை வைக்கச் செய்து ஒரு படம் எடுத்தோம். இரும்பு எவ்வளவு கனம், அது எப்படி வளைந்தது என்பதை அந்தக் கை அளந்து சொல்லிற்று.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, தேசத் தலைவர்களைக் கேளாமலே, இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இலங்கை மக்களையும் யார் கேட்டார்கள்? யுத்தம் யாருடையதோ, ஓட்டம் நம்முடையதாயிற்று. திருகோணமலை யுத்த மயானத்தில் போர்வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துக் காக்கிறார்கள், அது முறையே. ஆனால், இக்குதங்களைக் கட்டிய தொழிலாளர்களின் பெயர்களை நாம் எங்கும் காணவில்லை.

பிரிட்டிஷார் இக்கடற்படைத் தளத்தை 1957-இல் ஒப்படைத்துச் சென்றார்கள். எஞ்சிய 99 குதங்கள் குறித்து 2022 ஜனவரியில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவற்றில் 61, கூட்டுக் கம்பெனி ஒன்றின் பொறுப்புக்கு விடப்பட்டன. பயனற்றுக் கிடப்பவை பயன்படட்டும். வேண்டாமென்று யார் சொல்வார்கள்? சரிந்து கிடக்கும் அந்த ஒன்றை மட்டும் யாரும் திருத்தாமல் விட்டுவைத்தால் நல்லது.

ஊர் திரும்பியதும் படங்களை வகுப்பில் காட்டினோம். பொன்னாக மின்னிய படங்களை எல்லாரும் ரசித்தார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் கடைசிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் கை, சார்?" என்றாள்.

அன்றைய பாடம் அங்கிருந்துதான் ஆரம்பமாயிற்று.